கருப்பு வெள்ளைப் படத்தைப் பெரிய திரையில் பார்ப்பது எப்படி: தர்மபுரி மொட்டை மாடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அத்தை 'மிஸ்ஸியம்மா'வை டிவியில் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கணக்கே கிடையாது. போன சித்திரையில் தர்மபுரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அதே படத்தைத் திரை கட்டிப் போட்டோம். சாவித்திரியின் முகம் திரையை நிறைத்து நின்ற ஓர் இடத்தில் அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "இந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி நிக்குதுடா. இத்தனை வருசமா எனக்கு இது தெரியவே இல்லையே" என்றார்.

பிரதி அதேதான். மாறியது இரண்டு: முகத்தின் அளவும், அதைச் சுற்றி இருந்த இருட்டும். நாலு வருடமாக மாடியில் படம் போட்டுக் கற்றுக்கொண்டதை வைத்துச் சொல்கிறேன், இந்த இரண்டில் இருட்டுதான் பெரிய விஷயம். பெரிய டிவி, விலை கூடிய புரொஜக்டர் எல்லாம் அதற்கு அப்புறம். கருப்பு நிஜமாகவே கருப்பாகத் தெரிந்தால் வெள்ளைக்கு உயிர் வந்துவிடும். கீழே நான் சொல்லப்போகிற ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் படங்களோடு ஒரு சொந்தமும் இருக்கிறது. தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அந்தச் சேலத்தில்தான் டி.ஆர். சுந்தரம் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டூடியோவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். நடித்து, கலைஞர் வசனம் எழுதிய 'மந்திரிகுமாரி' (1950) அங்கே உருவானதுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) வந்ததும் அதே இடத்திலிருந்துதான். ஏற்காடு போகிற வழியில் அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகள் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படங்களில் பல, நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் தயாரானவை.

சரி, வேலைக்கு வருவோம்.

இருட்டைக் கட்டுவது

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளவயதில் பென்னாகரம் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். முதல் முறை நான் மாடியில் படம் போட்டபோது வந்து பார்த்தார், ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, மொதல்ல இருட்டைக் கட்டு. படம் தானா வரும்" என்றார். அன்றைக்கு மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பாத்ரூம் ஜன்னலிலிருந்து ஒரு டியூப்லைட் வெளிச்சம் நேராகத் திரையில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு இரண்டுமே கண்ணில் படவில்லை.

காரணம் எளிது. புரொஜக்டரால் கருப்பை உண்டாக்க முடியாது. வெளிச்சத்தைப் போடாமல் விட மட்டும்தான் முடியும். ஆகவே படம் ஓடாதபோது உங்கள் திரை என்ன நிறத்தில் இருக்கிறதோ, அதுதான் படத்தில் வரப்போகிற அதிகபட்சக் கருப்பு. தெருவிளக்கு பட்டுத் திரை சாம்பலாக இருந்தால், நம்பியாரின் நிழலும் சாம்பல்தான். வண்ணப்படத்தில் இந்தக் குறையை நிறங்கள் ஓரளவு மூடி மறைத்துவிடும். கருப்பு வெள்ளையில் மறைக்க ஒன்றும் இல்லை.

மாடி என்றால், பகலிலேயே போய் நின்று எந்தத் திசையில் தெருவிளக்கு இருக்கிறது என்று பாருங்கள். திரையின் முகம் விளக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். விளக்கு திரைக்குப் பின்னால் போனால் தொல்லை பாதி குறையும், ஆனால் அப்போது திரைத்துணி வெளிச்சம் ஊடுருவாததாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "அக்கா, பத்து மணி வரைக்கும் பின்பக்க லைட்டை மட்டும் அணைச்சு வைங்க, நீங்களும் வந்துடுங்க" என்றால் யாரும் மறுப்பதில்லை, பாதிப் பேர் வந்தும் விடுவார்கள்.

நிலாவையும் கணக்கில் எடுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மொட்டை மாடியில் படம் போடாதீர்கள். காலண்டரில் தேய்பிறை பஞ்சமி தாண்டியதும் தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அமாவாசை வரை நிலா இரவு பத்து மணிக்கு மேல்தான் எழும். அதற்குள் படம் முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் முழு இருட்டு விழ ஏழேகால், ஏழரை ஆகிவிடும். அவசரப்பட்டு ஏழு மணிக்கே தொடங்கினால் முதல் அரை மணி நேரம் வீணாகும். பழைய படங்கள் கதையின் முடிச்சை அந்த முதல் அரை மணி நேரத்தில்தான் போடுகின்றன.

ஆடி மாதத்தை விட்டுவிடுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே நகரும்போது திரை எம்மாத்திரம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் மார்கழியிலும் யோசியுங்கள், பனி இறங்கி லென்ஸில் படியும். மழைக்காலத்தின் முதல் மழைக்கு அடுத்த இரவு இன்னொரு சங்கடம்: ஈசல். ஒரு முறை படத்தின் உச்சக்கட்டத்தில் புரொஜக்டர் முன்னால் ஈசல் கூட்டம் மொய்த்து, திரை முழுக்க நிழல் பறந்தது. வீட்டின் பின்பக்கம், திரைக்குத் தெரியாத இடத்தில் ஒரு குண்டு பல்பைப் போட்டு வைத்தால் பெரும்பாலானவை அங்கே போய்விடும்.

வீட்டுக்குள் என்றால் வேலை கம்மி. ஜன்னலுக்குக் கனத்த போர்வை, கதவு இடுக்கில் ஒரு துண்டு, டிவி பெட்டி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் சிவப்புப் பச்சைப் புள்ளிகள் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப். வெள்ளைச் சுவர் அறையில் திரையின் வெளிச்சமே சுவரில் பட்டுத் திரும்பித் திரையை வெளுக்கச் செய்யும். திரைக்கு இரு பக்கமும் மூன்றடி தூரத்துக்காவது அடர் நிறப் புடவையோ ஜமுக்காளமோ தொங்கவிடுங்கள்.

திரை

1932-இல் ஹாலிவுட்டில் வகுத்து, உலகம் முழுக்கப் பரவிய அளவு 1.37:1. அகலம், உயரத்தைப் போல ஒன்றேகால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல். நம் பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்குள்தான் எடுக்கப்பட்டன. இன்றைய டிவியும் புரொஜக்டரும் 16:9. ஆகவே படம் நடுவில் நிற்கும், இரு பக்கமும் கருப்புப் பட்டை வரும். அப்படித்தான் வர வேண்டும். "ஏன் பக்கத்துல காலியா இருக்கு, இழுத்து விடு" என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

திரைக்கு ஐந்தடி உயரம் வைத்துக்கொள்வோம். புரொஜக்டர் 16:9-இல் பாய்ச்சுகிற மொத்த அகலம் ஒன்பதடிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். அதில் படம் ஏழடிக்குச் சற்றுக் குறைவாக நடுவில் நிற்கும். இரு பக்கமும் ஓரடி மிச்சம். அந்த ஓரடியில் புரொஜக்டர் "கருப்பு" என்று அனுப்புவது உண்மையில் மங்கலான சாம்பல் வெளிச்சம். அங்கே கருப்புத் துணி தொங்கவிட்டால் அந்தச் சாம்பல் முழுவதும் துணிக்குள் போய் மறைந்துவிடும், படம் இருட்டில் தானாக மிதப்பதுபோல் நிற்கும். நான் பயன்படுத்துவது இரண்டு கருப்பு வேட்டிகள். கார்த்திகை மாதம் மாலை போடுகிறவர்களுக்காகக் கடைகளில் வருமே, அதேதான். இந்தச் சின்ன வேலை செய்கிற மாற்றத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஒரு பக்கம் மட்டும் துணியை மாட்டி, ஒரு பக்கம் மாட்டாமல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. வெளிச்சம் பாதி பின்பக்கம் போய்விடும். ஜன்னல் திரைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற பிளாக் அவுட் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும், அதில் வெள்ளைப் பக்கம் அருமையான திரை. ஃபிளெக்ஸ் பேனரும் ஆகும். ஆனால் பளபளப்பு இருந்தால் நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு விழும், அதைத் தவிர்க்க முடியாது. நல்ல சுவர் இருந்தால் பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள், அதற்கு மேல் செலவே வேண்டாம். துணி என்றால் கீழ் மடிப்பில் ஒரு பிவிசி பைப்பைச் செருகுங்கள். மேலே நாலு இடத்தில் கண்ணி வைத்து நைலான் கயிறு. சுருக்கம் இருந்தால் வண்ணப்படத்தில் தப்பிக்கலாம். கருப்பு வெள்ளையில் வானம் வரும்போதெல்லாம் அந்தச் சுருக்கம் கோடாகத் தெரியும்.

பழைய கொட்டகைகளில் திரைக்கு உலோகப் பூச்சு அடித்திருந்ததால்தான் வெள்ளித்திரை என்ற பேரே வந்தது. ஃபிலிமிலும் வெள்ளி உண்டு. கருப்பு வெள்ளை ஃபிலிமில் உருவத்தைத் தாங்கி நிற்பது சாயம் இல்லை, நுண்ணிய வெள்ளித் துகள்கள். திரையில் மெல்லிய மணல் போல அசைகிறதே, அது அந்தத் துகள்தான்.

புரொஜக்டர்

வாங்கும்போது வெளிச்சத்துக்கு ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: ஆன்சி லூமன், அதாவது பொதுவாக வகுத்த ஒரே முறையில் அளந்த வெளிச்ச அளவு. விளம்பரத்தில் ஒன்பதாயிரம், பத்தாயிரம் லூமன் என்று போட்டிருப்பார்கள், அது எப்படி அளந்தது என்று சொல்லமாட்டார்கள். மேலே சொன்ன ஐந்தடித் திரைக்கு, நிஜமான இருட்டில், 700 ஆன்சி லூமன் இருந்தால் சினிமாக் கொட்டகைக்கு வகுத்த வெளிச்ச அளவே கிடைத்துவிடும். வெளிச்சத்தைவிட மாறுபாடு, அதாவது கான்ட்ராஸ்ட், முக்கியம். இரண்டாயிரம் லூமன் கொடுத்து கருப்பைச் சாம்பலாக்குகிற கருவியைவிட, எண்ணூறு கொடுத்து கருப்பைக் கருப்பாக வைக்கிற கருவி நமக்கு நல்லது.

வாங்குமுன் கடையில் கருப்பு வெள்ளைக் காட்சியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டிஎல்பி வகைக் கருவிகள் சிலவற்றில், கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நகரும்போது ஓரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மின்னி மறையும். சிலர் கண்ணுக்குத் தெரியாது, சிலரால் தாங்கவே முடியாது. மூன்று எல்சிடி வகையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மூன்று நிறமும் சரியாகப் பொருந்தாமல் போனால் வெள்ளை எழுத்தின் விளிம்பில் நிற நிழல் நிற்கும். வண்ணப்படம் பார்த்தால் இரண்டுமே கவனத்துக்கு வராது.

கருவியைத் திரையின் நடுவுக்கு நேராக, மட்டமாக வையுங்கள். சாய்த்து வைத்துவிட்டு கீஸ்டோன் பொத்தானால் சரிக்கட்டினால் கூர்மை குறையும், சுற்றிலும் ஒரு சாம்பல் சட்டமும் விழும். கரண்ட் போய் வந்தால் கருவி கெட்டுப்போகக்கூடும் என்பதால் சின்ன யூபிஎஸ் ஒன்று இருக்கட்டும்.

பிரதியைத் தேர்ந்தெடுப்பது

பல பழைய படங்களை உரிமையாளர்களே யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள், சில ஓடிடி தளங்களிலும் இருக்கின்றன. ஒரே படத்துக்கு நாலைந்து பிரதி கிடைக்கும். நீளத்தை ஒப்பிட்டு முழுமையானதை எடுங்கள். அப்புறம் ஒரு காட்சியில் நிறுத்தி, கதாநாயகியின் நெற்றிப் பொட்டைப் பாருங்கள். வட்டமாக இருக்கிறதா, முட்டையாக இருக்கிறதா? முட்டை என்றால் படத்தைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். வட்டமாக இருந்து, ஆனால் திரை முழுக்க நிறைந்திருந்தால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க, படத் தொடக்கத்தில் நடிகர்கள் பெயர் வருகிற எழுத்துகளைப் பாருங்கள்; மேல் வரி திரை விளிம்பை முட்டிக்கொண்டு நின்றால் வெட்டியதுதான். வெட்டிய பிரதியில் கதாநாயகனின் நெற்றியும், ஆடுகிறவரின் பாதமும் போய்விடும். பரதம் ஆடுகிற காட்சியில் பாதம் இல்லை என்றால் என்ன மிச்சம்?

வண்ணம் பூசிய பிரதி இருந்தாலும் மூல வடிவத்தையே தேடுங்கள். தெலுங்கு 'மாயா பஜா'ருக்கு 2010-இல் வண்ணம் பூசி வெளியிட்டார்கள். உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி நிலவொளிக்கே பேர் போனவர். அவர் சாம்பலின் இருபது வகையை வைத்து உண்டாக்கிய நிலாவுக்கு நீலம் பூசினால் நிலா காணாமல் போகிறது.

இணையத்தை நம்பி ஓட்டாதீர்கள். சட்டப்படி இறக்கிக்கொள்ள வழி இருந்தால் முன்பே இறக்கி வையுங்கள். இருட்டான காட்சிகளில்தான் வேகம் குறைந்த இணையம் கட்டம் கட்டமாக உடைக்கும்.

படத்தைச் சரிக்கட்டுவது

இதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், ஆட்கள் வருவதற்கு முன்.

பட அமைப்பில் 'டைனமிக்', 'விவிட்' என்று இருந்தால் மாற்றி 'சினிமா' அல்லது 'மூவி' வையுங்கள். நிற வெப்பத்தில் 'வார்ம்'. முதல் பார்வைக்கு மஞ்சளாகத் தோன்றும். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும், அப்புறம் பழைய அமைப்புக்குப் போனால் நீலமாகத் தெரியும். அடுத்து, 'கலர்' அளவைச் சுழியத்துக்கு இறக்கிவிடுங்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் எதற்கு என்று தோன்றும். ஆனால் சுருக்கிய வீடியோக்களில் முகத்தில் பச்சையும் ஊதாவும் திட்டுத் திட்டாக ஒளிந்திருக்கும், சுழியத்தில் அவை ஓடிவிடும். கூர்மையைக் குறையுங்கள். இடையில் புதுச் சட்டங்களை (ஃபிரேம்) செருகி அசைவை வழுக்கலாக்கும் 'மோஷன்' வசதியை அணையுங்கள். இந்தப் படங்கள் நொடிக்கு 24 சட்டங்கள். அந்தத் துடிப்போடுதான் அழகு. 'நாய்ஸ் ரிடக்ஷன்' இருந்தால் அதையும். அது துகளைத் துடைக்கிறேன் என்று முகத்தின் தோலையும் துடைத்துவிடும்.

இப்போது இரண்டே பொத்தான்: கான்ட்ராஸ்ட், பிரைட்னஸ். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வெளிச்சத்தில் நிற்கிற காட்சியில் படத்தை நிறுத்துங்கள். கான்ட்ராஸ்டை ஏற்றுங்கள், வேட்டி மடிப்புகள் கரைந்து ஒரே வெள்ளைத் தாளாக ஆகும். மெல்ல இறக்குங்கள். மடிப்பு ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். கடைசி மடிப்பு வந்ததும் நிறுத்துங்கள். அடுத்து இரவுக் காட்சி. கருப்புக் கோட்டோ, நடிகையின் பின்னலோ இருட்டுப் பின்னணியில் தெரிகிற இடம். பிரைட்னஸை இறக்கினால் தலைமுடி பின்னணியோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி, முடியும் இருட்டும் பிரிகிற அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். மறுபடி வேட்டிக்குப் போய்ச் சரிபாருங்கள், ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும். வேட்டி மடிப்பும் பின்னலும் ஒருங்கே தெரிந்தால் வேலை முடிந்தது.

ஒலி

அந்தக் காலத்து ஒலி ஒற்றைத் தடம். ஆகவே ஸ்பீக்கர் திரைக்கு நேர் கீழே, நடுவில். 'சரவுண்ட்' எல்லாவற்றையும் அணையுங்கள். புளூடூத் வேண்டாம், உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போகும், ஒயர் போடுங்கள். டிரெபிளைக் கொஞ்சம் குறைத்தால் இரைச்சலும் சகரங்களின் கீறலும் அடங்கும். அந்தக் காலத்துக் கொட்டகைகளின் ஒலியமைப்பே மேல் சுருதியை மழுக்கித்தான் கொடுத்தது, படத்தில் ஒலி சேர்த்தவர்களும் அதை மனதில் வைத்தே சேர்த்தார்கள். வசனம் தெளிவாகக் கேட்கிற அளவு போதும். திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்தால் இரவு 10 மணிக்கு மேல் சட்டம் அனுமதிக்காது, அதற்கு முன் முடிகிறமாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், நீளமான படத்தை இரண்டு இரவாகப் பிரித்துவிடுங்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மிகச் சிறந்ததைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் மூன்றரை மணி நேரப் படத்தை முதல் நாளே போட்டு, பிள்ளைகள் தூங்கி, அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

கலவையான கூட்டம் என்றால் 'மாயா பஜார்' (1957). கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகக் காலி செய்கிற இடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய இருப்பதால் இன்னொரு வசதி: இந்தப் படம் தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியாக எடுக்கப்பட்டது. தெலுங்கில் அபிமன்யுவாக நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். சாவித்திரியும் ரங்காராவும் இரண்டிலும் உண்டு. காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டில் ஒரு சனிக்கிழமை தெலுங்கையும் மறுநாள் தமிழையும் போட்டோம். அக்காவின் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் எது சிறந்தது என்று இன்னும் பேசித் தீர்க்கவில்லை.

பாட்டு என்றாலே எழுந்து போகிற இளைஞர்களுக்கு 'அந்த நாள்' (1954). ஏவிஎம் தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம், ஒரு பாட்டுகூடக் கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு இறந்துபோகிறார். யார் சுட்டது என்று விசாரிக்க விசாரிக்க, ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் அவர் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார். நிழலைப் பேசவைத்த படம். இருட்டைக் கட்டிய மாடியில் இதைப் பார்ப்பதும் மதியம் ஹாலில் டிவியில் பார்ப்பதும் ஒன்றாகாது.

மூன்றாவதாக 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). ஸ்ரீதர் இயக்கம், வின்சென்ட் ஒளிப்பதிவு. கதை முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே ஆஸ்பத்திரிக்குள். அந்தச் சுவர்களுக்குள் கேமரா எங்கெல்லாம் புகுந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு பாட்டில் கட்டிலுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வரும். சின்னத் திரையில் அது நகர்வாக மட்டும் தெரியும். பெரிய திரையில் நாமும் குனிந்து போன மாதிரி இருக்கும்.

இவற்றுக்குப் பிறகு 'சந்திரலேகா' (1948). இரண்டு இரவாகப் பிரித்துப் போடுங்கள். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி தயாரிப்பு. முரசு நடனம் வருகிற இரவன்று முடிந்த மட்டும் முன்னால் உட்காருங்கள். பிரம்மாண்டமான முரசுகள் வரிசையாக, மேலே ஆடுகிறவர்கள், முரசுக்குள்ளே ஒளிந்திருக்கிற வீரர்கள். கைபேசியில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு "பார்த்துட்டேன்" என்று சொல்கிறவர்களுக்காக எனக்கு வருத்தமாக இருக்கும்.

நம் பக்கத்துப் படம் ஒன்று வேண்டாமா? 'மந்திரிகுமாரி'. கதை குண்டலகேசியிலிருந்து வந்தது. மலை உச்சிக்கு மனைவியைக் கூட்டிப்போய்த் தள்ளிவிடப் பார்க்கிறான் கணவன். சாகுமுன் உங்களை மூன்று முறை சுற்றி வணங்கிக்கொள்கிறேன் என்கிறாள் அவள். சுற்றி வந்து அவள் செய்வதைப் பார்க்கும்போது மாடியில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இருக்காது. எங்கள் மாடியில் அந்த நேரத்தில் கேட்டது வத்தல்மலைப் பக்கத்திலிருந்து வந்த காற்று மட்டும்தான்.

பார்க்கும்போது

திரையின் உயரத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு தூரத்தில் பாயை விரியுங்கள். ஐந்தடித் திரைக்கு பன்னிரண்டிலிருந்து பதினைந்தடி. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், ஒருவர் கைபேசியைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் அது மறுபடி முதலிலிருந்து. எங்கள் வீட்டில் மாடிப்படியிலேயே ஒரு கூடை வைத்திருக்கிறோம், எல்லார் கைபேசியும் அதில்.

வண்ணப்படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் எங்கே பார்ப்பது என்று தெரியாது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், பின்னாலிருந்து ஒரு சின்ன விளக்கு தலைமுடியின் விளிம்பை மட்டும் தொடும். அந்த விளிம்பு இல்லாவிட்டால் கருங்கூந்தல் பின்னணியில் கரைந்துவிடும் என்பதற்காக வைத்தது. கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும், அந்தப் புள்ளிதான் கண்ணுக்கு உயிர். நல்லவன் வரும்போது ஒளி எப்படி, வில்லன் வரும்போது எப்படி என்று இரண்டு படம் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

உடையையும் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக விழக்கூடும். அதனால் புடவை என்ன நிறம் என்பதைவிட, திரையில் என்ன சாம்பலாக விழும் என்பதே அன்றைக்குக் கேள்வி. பக்கத்தில் நிற்கிறவரின் உடையோடு ஒட்டாமல், பின்னால் இருக்கிற சுவரோடு கரையாமல் இருக்க வேண்டும்.

வசனத்துக்குக் காது கொடுங்கள். 'பராசக்தி'யின் (1952) நீதிமன்றக் காட்சியை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் பேசுகிறவர் மூச்சை எங்கே எடுக்கிறார், கேட்கிறவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பது பெரிய திரையில்தான் கிடைக்கும். பாட்டுகளை ஓட்டிவிடாதீர்கள். நகைச்சுவைப் பகுதி கதையோடு ஒட்டவில்லை என்று தோன்றினாலும் விட்டுவிடாதீர்கள், அழுத பிறகு மூச்சுவிட வைத்த இடம் அது.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு சொல்கிறேன். சில பிரதிகளில் அவ்வப்போது வலது மேல் மூலையில் ஒரு வட்டப்புள்ளி பளிச்சென்று வந்து போகும். ரீல் முடியப்போகிறது, அடுத்த புரொஜக்டரை ஓடவிடு என்று ஆபரேட்டருக்குக் கொடுத்த சைகை அது. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். பெரியவர் இன்றைக்கும் அந்தப் புள்ளியைப் பார்த்தால் வலது கையை லேசாக அசைப்பார், கைப்பிடியைத் திருப்புகிற மாதிரி. அவருடைய டாக்கீஸில் ஒரே புரொஜக்டர்தான், அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கு விற்கிறவருக்கு அதுதான் வியாபாரம்.

நீங்கள் ஒரே ஒரு இடைவேளை விடுங்கள், படத்தில் எங்கே போட்டிருக்கிறதோ அங்கே. வறுத்த வேர்க்கடலை, நிப்பட்டு, சுக்குக் காபி. சீசன் என்றால் கிருஷ்ணகிரி மாம்பழம். விளக்கைப் போடாமல், ஒரு சின்ன டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தால் போதும்.

தியேட்டரில் பார்க்க வேண்டுமானால்

பத்திருபது பேர் சேர்ந்தால் காலைக் காட்சி நேரத்தில் ஒரு திரையரங்கை வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு தடவை நாங்கள் அப்படி ஏற்பாடு செய்து, முன்னேற்பாடாகப் போய்ப் பார்க்காமல் விட்டோம். படம் திரை முழுக்க இழுபட்டு ஓடியது. கதாநாயகி இரண்டு மடங்கு பருமனாக, காரின் சக்கரம் முட்டையாக. நிறுத்திச் சரிசெய்யவே அரை மணி நேரம் போனது, வந்த பெரியவர்கள் பொறுமையாக இருந்தார்கள், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஆகவே முந்தின நாளே ஆபரேட்டரைப் பாருங்கள். "அண்ணா, படம் நடுவுல சதுரமா நிக்கணும், பக்கத்துல கருப்பு விட்டுடுங்க" என்று சொல்லி, ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எந்த வடிவத்தில் கோப்பு வேண்டும், லேப்டாப்பிலிருந்து எடுக்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயம். வீட்டு ஆட்களும் உறவினர்களும் கூடிப் பார்ப்பது ஒரு மாதிரி, ஊருக்குப் பொதுவாகக் காட்டுவது வேறு மாதிரி. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1960-இல் வெளியான படத்துக்கு 2020 கடைசியோடு முடிந்தது என்று கணக்கு. ஆனால் கதை, பாட்டு ஆகியவற்றின் உரிமை தனி. உரிமை முடியாத படம் என்றால் உரிமையாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். பொது இடத்தில் காட்டுவதற்குத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். கலெக்டர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் விசாரித்துவிட்டு இறங்குங்கள், டிக்கெட் போடுவதாக இருந்தால் கட்டாயம்.

படம் முடிந்த பிறகு

உடனே விளக்கைப் போடாதீர்கள். 'வணக்கம்' அல்லது 'சுபம்' என்று எழுத்து வந்து நிற்கும், அது போன பிறகும் ஒரு நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில்தான் வயதானவர்கள் பேசத் தொடங்குவார்கள். இந்தப் படத்தை எந்த ஊரில், யாரோடு, எத்தனை மைல் நடந்து போய்ப் பார்த்தோம் என்று. கேட்டுக்கொள்ளுங்கள்.

புரொஜக்டரின் விசிறி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். திரையை மடிக்கக் கூடாது. கீழே செருகிய அதே பைப்பில் வெள்ளைப் பக்கம் உள்ளே இருக்கும்படி சுருட்டி, பழைய வேட்டி ஒன்றைச் சுற்றி, பல்லி எச்சம் படாத இடத்தில் படுக்கவையுங்கள். நிறுத்தி வைத்தால் வளையும். கருப்பு வேட்டிகள் இரண்டையும் தூசி தட்டி அதோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், அடுத்த தேய்பிறைக்குத் தேட வேண்டியிருக்காது.